பணியேற்பிடைக்காலம்

எனக்கு ஜி தெரியும். சி-யும் தெரியும். ஜி-யில் உட்கார வைத்தால் சாயங்காலம் வரைக்கும் ஜி-யிலேயே இருப்பேன், ஒரு புகார் வராது. சி-யிலும் அப்படித்தான். ஜி-யிலிருந்து சி-க்குப் போகச் சொன்னால்தான் தகராறு. புறப்படுவேன், போய்ச் சேர மாட்டேன். நடுவில் ஒரு மௌனம் விழும். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதுங்களா?" என்று நம்பிக்கையோடு கேட்பாள்.

இந்த மௌனத்துக்கு அரசாங்கத்தில் ஒரு பெயர் உண்டு. பணியேற்பிடைக்காலம். ஓர் ஊரில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவன் அடுத்த ஊரில் போய்ச் சேர விதிப்படி கிடைக்கும் அவகாசம். 36 வருஷ சர்வீஸில் இந்த வார்த்தையை எத்தனை ஃபைலில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதை இடது கை விரல்களால் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

நான் பிறந்தது 1965 ஜூனில். அப்போது எங்கள் ஊர் சேலம் ஜில்லா. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதிதான் தருமபுரி தனி மாவட்டமானது. ஆக, மாவட்டத்தைவிட நான் நாலு மாசம் மூத்தவன். இந்த மூப்பு எந்த சீனியாரிட்டி லிஸ்டிலும் ஏறவில்லை. 1989-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், பென்ஷன் ஃபைல் இன்னும் மேசை மேசையாக நடந்துகொண்டிருக்கிறது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, மறுபடி அரூர் என்று சுற்றினேன். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நான் பார்த்துவந்த ஃபைல்கள் பாதி அந்தப் பக்கம் போயின. நான் இந்தப் பக்கம் நின்றேன். ஊர் மாறும்போதெல்லாம் அம்மாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும், கடுதாசிக் காலத்திலும் சரி, செல்ஃபோன் காலத்திலும் சரி: "சேந்துட்டியா கண்ணு?" சாப்பிட்டியா என்பதுகூட அதற்கப்புறம்தான்.

2025 ஜூன் 30-ஆம் தேதி மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் சகிதம் வீட்டுக்கு வந்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்த மனைவி, "ஏங்க, சும்மாதான இருக்கீங்க, பரண்ல ஒட்டடை அடிங்க" என்றாள். பரணில் கிட்டார் இருந்தது.

மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கியது அது. மூன்று வாரம் வாசித்தாள். நான்காம் வாரம் விரல் வலிக்கிறது என்றாள். ஐந்தாம் வாரம் ரூம் மாறுகிறேன், இடம் இல்லை, ஊருக்கு எடுத்துப் போங்கப்பா என்றாள். பஸ்ஸில் அதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். ஓசூர் தாண்டியதும் கண்டக்டர் வந்து நின்றார்.

"என்னா சார் இது, வீணையா?"

"கிட்டார்."

"வாசிப்பீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னாத்துக்கு?"

பதில் இல்லை. லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இந்த ஊருக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில், யாழைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பாணனுக்கு அதியமான் பரிசில் கொடுத்து அனுப்புவான். கொஞ்சம் நாளானாலும் அவன் பரிசில் பொய்க்காது என்று ஔவையே புறநானூற்றில் உத்தரவாதம் கொடுத்திருக்கிறாள். என் பென்ஷன் ஃபைலுக்கு அப்படி உத்தரவாதம் கொடுக்க ஒரு கிழவி இல்லை.

ஒட்டடை தட்டிய கையோடு கிட்டாரைத் துடைத்தேன். ஆறு கம்பிகள். தடித்ததிலிருந்து ஒல்லிக்கு வந்தால் ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடி ஈ. செல்ஃபோனில் ஓர் ஆப்பை இறக்கிக்கொண்டால் அது ஒவ்வொரு கம்பியையும் கேட்டு, கூட்டு, குறை என்று முள்ளைக் காட்டிச் சொல்லும். ஒல்லி ஈ கம்பியை அது கூட்டு, கூட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மேலிடத்து உத்தரவை மறு கேள்வி கேட்காமல் நிறைவேற்றிப் பழகியவன் நான். கூட்டினேன். பட்டென்று அறுந்து புறங்கையில் ஒரு கோடு போட்டது. முதல் நாள் வகுப்பு அத்துடன் முடிந்தது.

இரண்டாம் நாள் கார்டு. "கார்டு கத்துக்கறேன்" என்று சொன்னதும் என் மனைவி, "நம்ம கார்டுல பேரு எல்லாம் சரியாத்தான இருக்குது?" என்றாள். ரேஷன் கார்டு இல்லை, இது வேறு கார்டு என்று விளக்கினேன். நம் சங்கீதத்தில் ஸ்வரங்கள் ரேஷன் கடைக்கு வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். கார்டு என்பது பஸ் ஏறுவது மாதிரி, மூன்று நாலு ஸ்வரம் ஒரே நேரத்தில் முண்டியடித்து ஏறும். ஏறிய பிறகு பார்த்தால் எல்லாருக்கும் எப்படியோ இடம் இருக்கும். அதுதான் சுகம். இதைக் கேட்டுவிட்டு அவள், "ரேஷன் கடைல எங்க வரிசையா நிக்கிறாங்க?" என்றாள். உண்மைதான்.

இனி என் இடது கையின் பணியாளர் விவரம். ஆள்காட்டி விரல்: 36 வருஷம் பிறரைச் சுட்டிக் காட்டியே பழகியது, தானாக ஒரு வேலை செய்ததில்லை. நடுவிரல்: உழைப்பாளி, ஆனால் எங்கே போகச் சொன்னாலும் மோதிர விரலைக் கூடவே கூட்டிக்கொண்டு போகும். மோதிர விரல்: சொந்த புத்தி கிடையாது. சுண்டுவிரல்: சர்வீஸில் சேர்ந்ததே இப்போதுதான். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாரையும் தாங்குவதாகச் சொல்லிக்கொள்ளும். ஒவ்வோர் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு.

ஜி-யில் நடுவிரல் ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டத்திலும், ஆள்காட்டி ஐந்தாம் கம்பியில் இரண்டாம் கட்டத்திலும், மோதிர விரல் எதிர்க்கோடியில் முதல் கம்பியின் மூன்றாம் கட்டத்திலும் இருக்கும். சி-க்குப் போக வேண்டுமென்றால் மூன்று பேருக்கும் ஒரே நாளில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அதிலும் மோதிர விரல் முதல் கம்பியிலிருந்து ஐந்தாம் கம்பிக்குப் போக வேண்டும். அதாவது ஒகேனக்கல்லிலிருந்து தீர்த்தமலைக்கு. நடுவில் மாவட்டமே கிடக்கிறது. ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணிப் பழக வேண்டும் என்று எங்கோ கேட்டேன். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஏழு. அதில் மூன்று தடவை நான் போய்ச் சேர்ந்தது சி-யே இல்லை.

வலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரும்புக் கம்பி. அழுத்தி எடுத்தால் விரல் நுனியில் வெள்ளையாக ஒரு பள்ளம், அதன் நடுவில் சிவப்புக் கோடு. ஒரு வாரத்தில் நாலு நுனியும் நெருப்புப் பட்ட மாதிரி ஆகிவிட்டன. நல்ல வேளை, களி சாப்பிடுவது வலது கை. விரலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்தாள். எண்பத்திரண்டு வயசு.

"என்னாடா கண்ணு, சூடு பட்டுதா?"

"இல்லம்மா. கம்பி."

"எங்க, காட்டு." விரலைப் பார்த்தாள். அப்புறம் கிட்டாரைப் பார்த்தாள். "எங்க அமுக்கணும்?"

வேடிக்கைக்காக அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து இரண்டாம் கம்பியில் வைத்துக் காட்டினேன். கட்டத்துக்கு நடுவில் இல்லை, உலோகப் பட்டையை ஒட்டினாற்போல அமுக்க வேண்டும். அப்போதுதான் கம்பி கரகரக்காது. இந்தப் பட்டைக்கு இங்கிலீஷில் ஃப்ரெட். வீணையில் இதற்கு மெட்டு என்றே பெயர், மெழுகில் பதித்த 24 மெட்டு. அம்மா அமுக்கினாள். நான் வலது கையால் மீட்டினேன். தண்ணீர் சொட்டின மாதிரி ஒரு சுத்தமான ஒலி வந்தது. எட்டு நாளாக நான் அந்தக் கம்பியில் முயற்சி செய்தும் வராத ஒலி.

"வலிக்கலையாம்மா?"

அவள் விரலைத் திருப்பிக் காட்டினாள். அறுபது வருஷம் புளி தட்டின விரல். ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை நெம்பி எடுத்த விரல். நுனி மொத்தமும் காய்த்துப் பழைய செருப்புத் தோல் மாதிரி இருந்தது. கிட்டார்காரர்கள் மாசக்கணக்கில் தவம் கிடந்து வாங்குகிற காய்ப்பு அது. அவள் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் வாசிக்காமல் இருந்திருக்கிறாள்.

மாஸ்டர் கிடைத்தது தனிக் கதை. ஆப் திடீரென்று எந்தக் கம்பியையும் கேட்க மறுத்தது. செல்ஃபோனைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். இருபத்து நாலு வயசுத் தம்பி மைக் ஓட்டையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, "உள்ள மஞ்சத்தூளு சார்" என்றார். சோதித்துப் பார்க்கத் திரையைத் தொட்டவர் ட்யூனரைப் பார்த்துவிட்டார். "சார், நீங்க கிட்டார் வாசிக்கறீங்களா?" என்று கேட்டபோது அந்தக் குரலில் இருந்த மரியாதையை நான் சர்வீஸில் ஒரு நாளும் அனுபவித்ததில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிக்கிறவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். ஃபீஸ் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்குப் பதிலாக, புதுசாகக் கல்யாணமான அவருக்கு மனைவி பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவர் சித்தப்பாவுக்குப் பட்டா மாற்றம், பக்கத்து வீட்டம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை. ஒரு மனுவுக்கு ஒரு கார்டு என்று கணக்கு ஆகிவிட்டது. என் மனைவி முதலில் புரிந்துகொண்டது தப்பில்லை, ரேஷன் கார்டுக்கும் கிட்டார் கார்டுக்கும் சம்பந்தம் உண்டு.

முதல் வகுப்பில் என் ஜி-சி பயணத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சர்ச்சில் பழகிய பொறுமை.

"சார், எல்லா விரலையும் எதுக்குத் தூக்கறீங்க?"

"மாத்தணுமே மாஸ்டர்."

"மாத்த வேண்டியத மட்டும் மாத்துங்க சார். மோதிர விரல ரெண்டாங் கம்பில, மூணாங் கட்டத்துல வைங்க. சுண்டுவிரல ஒண்ணாங் கம்பில, அதே மூணாங் கட்டம். வெச்சீங்களா? இனிமே அந்த ரெண்டும் எங்கயும் போகாது."

"எங்கயுமா?"

"எங்கயும்."

ஆயுசில் முதல் முறையாக ஒரு நிர்வாகி நியாயமாகப் பேசிக் கேட்டேன். மற்ற இரண்டு விரல்களை ஆறாம் கம்பியிலும் ஐந்தாம் கம்பியிலும் வைத்தால் ஜி. அந்த இரண்டும் ஆளுக்கு ஒரு கம்பி தள்ளி உட்கார்ந்தால் சி மாதிரி ஒன்று. அதற்குப் பெயர் சி ஆட் நைன். ஜி-யில் ஆள்காட்டியை இருந்த இடத்திலேயே விட்டு நடுவிரலை மட்டும் நாலாம் கம்பியில் இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோனால் ஈ மைனர் செவன். நடுவிரலை லீவில் அனுப்பிவிட்டு ஆள்காட்டியை மட்டும் மூன்றாம் கம்பியின் இரண்டாம் கட்டத்தில் வைத்து, தடித்த கம்பி இரண்டையும் தொடாமல் மீட்டினால் டி சஸ் ஃபோர். நாலு கார்டு. வாசித்துப் பார்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை முடிஞ்சுதா என்று கேட்கவில்லை. "ரேடியோவா?" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு கார்டும் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு இனிக்கின்றன? தாளில் எழுதிப் பார்த்தேன், குறிப்பாணை எழுதும் பழக்கத்தில் இடப்பக்கம் மார்ஜின் விட்டு. நகராத அந்த இரண்டு விரலும் அமுக்குகிற ஸ்வரங்கள் டி-யும் ஜி-யும். ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் டி பஞ்சமம். அட, ஸ-ப! தம்புராவில் ஓயாமல் கேட்கிறதே, ஸ்ருதிப் பெட்டியைத் திறந்தால் வருகிறதே, அதே ஸ-ப. மேலே அது பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டிருக்க, அடியில் கனத்த கம்பிகள் மட்டும் ஜி, ஈ, சி, டி என்று இறங்கி ஏறுகின்றன. நம் கணக்கில் ஸ, த, ம, ப. வெள்ளைக்காரன் தந்திரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தர் ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் ஊதுவாரே, ஒத்துக்காரர், அவர் வேலையைத்தான் என் மோதிர விரலும் சுண்டுவிரலும் செய்கின்றன.

ஒத்து ஊதுகிறவன் என்றால் நாம் கேவலமாகத்தான் பேசுகிறோம். ஆபீஸில் எனக்கே அந்தப் பெயர் உண்டு என்பது பிரிவு உபசார விழாவில் தெரிந்தது. ஒத்து நின்றால் நாதஸ்வரம் காற்றில் அலையும் என்பது அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் அந்த ஆளும் இல்லை, எலெக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டிதான். பதவியிடம் சரண்டர் செய்யப்பட்டுவிட்டது.

மறுநாள் மாஸ்டரிடம் கேட்டேன். "இந்த சஸ், சஸ் என்கிறீர்களே, அது என்ன?"

"சஸ்பெண்டட் சார்."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அரசு ஊழியனிடம் எதிர்பாராமல் சொல்லக் கூடாத வார்த்தை. விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன். மாஸ்டர் பயப்படாதீர்கள் என்று விளக்கினார். ஒரு கார்டில் முதல், மூன்றாம், ஐந்தாம் ஸ்வரங்கள் இருக்கும், அதாவது ஸ, க, ப. சந்தோஷமா சோகமா என்று தீர்மானிப்பது நடுவில் இருக்கிற காந்தாரம்தான். அந்தர காந்தாரம் என்றால் மேஜர், சாதாரண காந்தாரம் என்றால் மைனர். சஸ் ஃபோரில் அந்தக் காந்தாரத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டு, அந்த நாற்காலியில் மத்திமத்தைக் கூடுதல் பொறுப்பில் உட்கார வைக்கிறார்கள். அதனால் கார்டு சிரிக்கவும் மாட்டாது, அழவும் மாட்டாது. அந்தரத்தில் தொங்கும். சுண்டுவிரலை எடுத்துவிட்டு, சும்மா இருக்கும் நடுவிரலை முதல் கம்பியில் இரண்டாம் கட்டத்தில் வைத்தால் காந்தாரம் திரும்பி வந்துவிடும். டி சஸ் ஃபோர் வெறும் டி ஆகிவிடும். கேட்பவர் மனசு அப்பாடா என்று உட்காரும்.

அந்த அப்பாடா எனக்குத் தெரியும். எங்கள் செக்ஷனில் ஒருத்தர் ஒன்றரை வருஷம் பிழைப்பூதியத்தில் இருந்துவிட்டு மறுபடி பணியில் சேர்ந்த அன்று, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மேசையைத் தடவினார். ஒன்றும் பேசவில்லை. டி சஸ் ஃபோரிலிருந்து டி-க்கு வரும்போதெல்லாம் எனக்கு அவர் கைதான் ஞாபகம் வருகிறது. ஒரு நாளைக்கு அவரை நாற்பது தடவை சஸ்பெண்ட் செய்து நாற்பது தடவையும் திருப்பி எடுக்கிறேன்.

கை ஓடத் தொடங்கினால் ஆசையும் ஓடும். எனக்கு 'இளைய நிலா' வாசிக்க வேண்டும். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது எனக்குப் பதினாறு வயசு. டீக்கடை ரேடியோவில் அந்த கிட்டார் தொடங்கியதும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன். இளையராஜாவே கிட்டார்காரர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இந்தப் பாட்டில் வாசித்தவர் அவர் குழுவின் சந்திரசேகர். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணக் கச்சேரியில் எவன் கிட்டாரோடு மேடை ஏறினாலும் கீழேயிருந்து வரும் முதல் சீட்டு 'இளைய நிலா'தான். அந்தச் சீட்டால் எத்தனை பேர் கிட்டாரை விட்டார்களோ. என் ஆசையைச் சொன்னதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பிக்கிங் சார். ஒவ்வொரு கம்பியா எடுத்து வாசிக்கணும். நமக்கு அது வேணாம் சார், நமக்கு எதுக்கு?" என்றார். அந்த 'நமக்கு' எவ்வளவு பெரிய மனசு!

எஃப் கார்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் குறுக்கே படுத்து அமுக்க வேண்டும், மற்ற மூன்று விரலும் அதற்கு முன்னால் வேலை செய்ய வேண்டும். கற்றுக்கொள்கிற எல்லாருக்கும் அது தொப்பூர் கணவாய். பிரேக் வாசனை அடிக்கும். மாஸ்டர் சுற்று வழி காட்டினார். படுக்காமல், மூன்று விரலை வைத்து நாலு ஒல்லிக் கம்பியை மட்டும் மீட்டி, முதல் கம்பியைத் திறந்தபடி விட்டால் எஃப் மேஜர் செவன். சி-யிலிருந்து போகும்போது ஆள்காட்டி அசைய வேண்டியதே இல்லை, மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு கம்பி நகர்ந்தால் போதும். நிஜ எஃப்-ஐவிட இது இன்னும் மெத்தென்று இருக்கிறது என்பது என் தனிப்பட்ட கருத்து. கணவாயில் இறங்கத் தைரியம் இல்லாதவன் கருத்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கேப்போ என்று ஒரு கிளிப் உண்டு, துணி காயப்போடும் கிளிப்பின் பணக்காரத் தம்பி. கழுத்தில் கவ்வ வைத்தால் ஆறு கம்பியின் ஸ்ருதியும் சேர்ந்து ஏறும். என் மனைவி பாடுவது ஐந்து கட்டையில். அது ஜி-யேதான், கிளிப் வேண்டாம். நான் பாட வேண்டுமென்றால் ஐந்தாம் கட்டத்தில் கேப்போவைப் போட்டுவிட்டு அதே விரல்களை வைத்தால் ஒரு கட்டை வந்துவிடும். இரண்டையும் செய்து பார்த்ததில், மனைவி பாடினால் போதும் என்று குடும்பத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

இவ்வளவு ஆன பிறகும் ஒரு குறை நீங்கவில்லை. விரல் போய்ச் சேருகிறது, ஆனால் தாமதமாக. வலது கை நின்று, இடது கைக்காகக் காத்திருந்து, பிறகு புறப்படுகிறது. "வலது கை நிக்கக் கூடாது சார்" என்பார் மாஸ்டர். "இடது கை வந்து சேரலைன்னா வெறுங் கம்பிய மீட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க. யாரும் கண்டுக்க மாட்டாங்க." அது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆள் வந்து சேராமல், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல், வேலை நடந்தால் அது முறைகேடு அல்லவா?

மாசி மாசம் புளி வந்தது. எங்களுக்குக் காட்டில் ஒரு புளியமரம் இருக்கிறது, வருஷத்துக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடும். அம்மா பின்கட்டில் சாக்கை விரித்து, காலை நீட்டி, தட்டைக் கல்லைத் தொடைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் புளி, மறு கையில் சின்ன இரும்புத் துண்டு. டொக், டொக், கொட்டை தெறிக்கும், புளி கூடைக்குப் போகும். டொக், டொக். வெயில் தாழ்வார ஓடு வரைக்கும் ஏறியிருந்தது. நான் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"என்னாடா அது, கொஞ்ச நேரம் அடிக்கற, கொஞ்ச நேரம் நிக்கற?"

"கார்டு மாத்தறேம்மா. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போற மாதிரி. போய்ச் சேர நேரமாவுது."

"ஓ" என்றாள். டொக், டொக்.

மறுபடி ஜி. நாலு தட்டு. ஈ மைனருக்குப் புறப்பட்டேன். நடுவிரல் வழியில் எங்கோ டீ குடிக்க நின்றுவிட்டது. நானும் நின்றேன். அம்மா நிற்கவில்லை. டொக், டொக் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த டொக்கில் ஒரு கண்டிப்பு இருந்தது. கொட்டை எடுக்கிற கை யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருந்தால் கூலி குறையும் என்று அறுபது வருஷம் முன்னால் கற்றுக்கொண்ட கை. நான் வலது கையை அந்த டொக்கோடு சேர்த்துப் போட்டேன். இடது கை வராவிட்டாலும் போட்டேன். வெறுங் கம்பி இரண்டு தட்டு ஒலித்தது. முறைகேடுதான். கேட்டால் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் தட்டில் நடுவிரல் மூச்சு வாங்க ஓடி வந்து உட்கார்ந்தது.

அம்மா தலை நிமிரவில்லை.

"சேந்துட்டியா கண்ணு?"

"சேந்துட்டேம்மா."

"அப்ப அடுத்த ஊருக்குக் கெளம்பு. இன்னும் அரை மூட்டை கெடக்குது."